கம்பளியோடு எடுத்த அளவு

2024 செப்டம்பர் 18

சேஃப்டி ஜாக்கெட் மாதிரிகள் வந்துவிட்டன. மூன்று. ஆலங்காயம் ஆபீஸுக்குப் பின்னால், மதியம் ஒரு மணிக்கு, மூன்றையும் போட்டுப் பார்த்தேன். முதலாவது பஞ்சு வைத்த முழுக்கை. ஐந்து நிமிடத்தில் வேர்த்து ஊற்றிவிட்டது. இரண்டாவது ரெக்சின் மாதிரி மொடமொடவென்று இருந்தது. மூன்றாவது கையில்லாத வலைத்துணி. போட்டதே தெரியவில்லை.

மலை ரோட்டில் இருபக்கமும் பச்சை, அதனால் பச்சை வேண்டாம், ஆரஞ்சு. தோளிலும் ரிஃப்ளெக்டர் பட்டை வேண்டும், குனிந்து வேலை செய்பவர்களுக்கு நெஞ்சுப் பட்டையால் பிரயோஜனமில்லை. ஜிப் வேண்டாம், முன்பக்கம் மூன்று இடத்தில் வெல்க்ரோ. சாயங்காலம் நூறு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு கோபால் சாரை ஜீப் லைட்டைப் போடச் சொன்னேன். இந்த ரோடு அகலப்படுத்தும் வேலைக்கு அவர்தான் மேனேஜர். "ஏம்மா கௌசர், கண்ணு கூசுதும்மா!" என்று அங்கிருந்து கத்தினார்.

மூன்றாவதுதான். L சைஸ், இருபத்திரண்டு. சேஃப்டி சூப்பர்வைசர் ஆன பிறகு முழுக்க முழுக்க நானே தேர்ந்தெடுத்த முதல் சாமான். பெருமையாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

வாணியம்பாடி, வீடு. ஃபுர்கான் அண்ணனிடம் ஜாக்கெட்டைக் காட்டினேன். வெளிநாட்டுக்குத் தோல் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த ஆள். இப்போது ஆர்டர் குறைவு, வாய் மட்டும் குறையவில்லை. வாங்கியதும் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்த்தார்.

"தையல் பரவால்ல. இதுக்கு உள்ள இன்னா போடுவாங்க?"

"சட்டதான். வேற இன்னா?"

"மலைல குளிருமே."

"ரோடு வேலண்ணே. மண்வெட்டி புடிச்சா தானா வேர்க்கும்."

"நீ கேட்டுட்டு முடிவு பண்ணியா, முடிவு பண்ணிட்டு கேட்டியா?"

உன் தோலை நீ பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் நான் யாரையும் கேட்கவே இல்லை.

அக்டோபர் 9

சைட்டில் ஜாக்கெட் கொடுத்தாயிற்று. பதினெட்டுக் கையெழுத்து, நான்கு கைரேகை.

வளைவில் கொடி காட்டும் அம்மாவின் பெயர் சின்னக்குழந்தை. வயது ஐம்பத்திரண்டு. இப்படிப் பெயர் வைத்தவர்கள் பின்னால் வருவதை யோசிக்கவில்லை. சாமை அறுப்பு இல்லாத நாட்களில் ரோடு வேலைக்கு வருகிறார். சிவப்புக் கொடியை அவர் தூக்கினால் லாரிக்காரனே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி நிற்கிறான். ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "தொவச்சா சாயம் போவுமாம்மா?" என்றார். போகாது என்றேன். வெல்க்ரோவை நான்கு தடவை பிரித்து ஒட்டிப் பார்த்தார்.

நவம்பர் 24

மழை விட்டது. குளிர் பிடித்துக்கொண்டது. எனக்கு இரண்டு ஸ்வெட்டர் போதவில்லை.

டிசம்பர் 5

காலை ஆறரைக்குச் சைட். பனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. ஆரஞ்சும் இல்லை. ஜாக்கெட்டை எல்லோரும் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தினேன். கிட்டே போனால், போட்டுத்தான் இருக்கிறார்கள். அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் துண்டு, கம்பளி.

மண் வெட்டுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மேல்துணியைக் கழற்றினார்கள். சின்னக்குழந்தை கழற்றவில்லை.

"வேல செய்யறவங்களுக்கு சூடு வந்துரும்மா. நான் ஒரே எடத்துல நின்னுக்கினு கீறேன்."

"அப்போ ஜாக்கெட்டக் கம்பளிக்கு மேல போட்டுக்க வேண்டியதுதான?"

"பத்தலம்மா." கம்பளியைப் போர்த்தி அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டிக் காட்டினார். வெல்க்ரோ இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி நின்றது.

நிற்கிறவருக்கு வேர்க்காது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கோபால் சாரிடம் பெரிய சைஸ் கேட்டேன். "கொஞ்ச நாள் குளிருதானம்மா, ஜனவரில பாக்கலாம்." இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 6

நோட்டீஸ் ஒட்டினேன்: 'ஜாக்கெட்டின் மேல் கம்பளி, ஸ்வெட்டர் அணியக் கூடாது.' நான் இருக்கும்போது கழற்றுகிறார்கள். என் பைக் சத்தம் கேட்டதும் கழற்றுகிறார்கள் என்பதே சரி.

டிசம்பர் 17

காலை 6.50. மேலேயிருந்து காய்கறி வேன் ஒன்று வளைவில் திரும்பியிருக்கிறது. வேகம் இல்லை. சின்னக்குழந்தை கொடியோடு ரோட்டோரமாக நின்றிருக்கிறார். இடித்துத் தள்ளியதில் பள்ளத்து ஓரக் கல்லில் விழுந்தார். இடது தொடை எலும்பு முறிவு. 108 வர ஐம்பது நிமிடம். வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

டிரைவர் சொன்னான்: "ஏதோ கருப்பா ஒரு கட்ட நிக்கிதுன்னு நெனச்சேங்க. ஆளுன்னே தெரில."

நான் நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? இங்கே யாரும் என்னைக் கேட்கவில்லையே.

டிசம்பர் 18

இன்ஷூரன்ஸ் படிவம். பதினோராவது கேள்வி: 'விபத்தின்போது பாதுகாப்பு உடை அணிந்திருந்தாரா? ஆம் / இல்லை.'

இல்லை என்றால் சிகிச்சைச் செலவும் கிடைக்காது, படுத்துக் கிடக்கும் மாதங்களுக்குச் சம்பளமும் கிடைக்காது. தவறு அவருடையது என்று முடிந்துவிடும்.

கோபால் சார் கெட்டவர் இல்லை. நேற்று ஆம்புலன்ஸ் பின்னாலேயே வேலூர் வரை ஜீப்பில் போனார். இன்று சொன்னார்: "இல்லன்னு போடும்மா. போட்டிருந்தா டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல? கம்பளி போடாதன்னு நீ நோட்டீஸே ஒட்டியிருக்க. உம்மேலயும் வராது, எம்மேலயும் வராது."

யோசித்தேன். இந்த உடையின் வேலை கண்ணில் படுவது. கண்ணில் படவில்லை. ஆகவே அணியவில்லை என்று சொல்வதில் பொய் இல்லை. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பென்சிலில் 'இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 19

வேலூர் ஆஸ்பத்திரி. சின்னக்குழந்தையின் மகள் பூவிழி கூட இருக்கிறாள். நான் பழம் வாங்கிப் போனேன். அதைத் தவிர எதை எடுத்துப்போவது என்று தெரியவில்லை.

கட்டிலில் காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். பிறகு பூவிழியிடம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுக்கச் சொன்னார். உள்ளே ஜாக்கெட். வெல்க்ரோவைப் பிரிக்காமல், அதன் பக்கத்திலேயே கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. அது மட்டும் இன்னும் ஒட்டியபடியே இருந்தது, மூன்றும், ஒழுங்காக. ஒரு பட்டைகூடக் கோணல் இல்லை.

"கோச்சுக்காதம்மா. கம்பளிய உருவிட்டாங்க, இத வெட்டிட்டாங்க. வேணாம் வேணாம்னு சொன்னேன், கம்பெனி துணின்னு. நர்சம்மா கேக்கல. பூவிழி நல்லா தைக்கும். தெச்சிக் குடுத்துட்றேன்."

பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்துதான் அழுதேன்.

கால் ஒடஞ்சி கெடக்குது, ஜாக்கெட் கிழிஞ்சிதுன்னு எங்கிட்ட மன்னிப்பு கேக்குது. நீ இன்னாடான்னா போடலன்னு எழுதி வெச்சிருக்க. போட்டுக்கினுதான இருந்துச்சி? நீ சொன்ன மாதிரி மூணு எடத்துலயும் ஒட்டிக்கினுதான இருந்துச்சி? பத்தலன்னு உங்கிட்டயே சொல்லிச்சே கௌசர். போட்டுக் காட்டுச்சே. நீ நோட்டீஸ் ஒட்டுன.

டிசம்பர் 20

பதினொன்று: ஆம்.

காரணம் எழுதும் இடத்தில்: 'ஜாக்கெட்டை முறைப்படி அணிந்திருந்தார். குளிருக்காக அதன்மேல் கம்பளி போர்த்தியிருந்ததால் வெளியே தெரியவில்லை. கொடுக்கப்பட்ட ஜாக்கெட் குளிர் தாங்காது. கம்பளிக்கு மேல் போட அளவும் போதாது. இதை 5.12.2024 அன்று தொழிலாளி நேரில் காட்டினார். மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தது நான்.'

வெட்டிய ஜாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி பூவிழியிடம் கேட்டு, அதையும் சேர்த்து அனுப்பினேன். கோபால் சார் சத்தம் போடவில்லை. "உன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியேம்மா" என்று மட்டும் சொன்னார். நோட்டீஸை நானே கிழித்தேன்.

2025 ஜனவரி 31

என் ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. நீட்டிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தாலும் வலிக்கிறது. ரூமைக் காலி செய்து, மூன்று மணி பஸ்ஸில் மலையிறங்கி வாணியம்பாடிக்கே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26

இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுபடியும் போன். அதே கேள்விகள், அதே பதில்கள். அண்ணனின் தையல் யூனிட்டில் தைத்து வரும் துணிகளைச் சோதித்து அனுப்புகிறேன். என்னைப் பார்த்தால் அங்கே தைக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இங்கேயும் நான் சேஃப்டி சூப்பர்வைசர்தான் போல.

ஏப்ரல் 14

பூவிழி போன் செய்தாள். இன்ஷூரன்ஸில் ஒத்துக்கொண்டார்களாம். சிகிச்சை, சம்பளம், இரண்டும். "அம்மா நடக்குதுங்க. கொஞ்சம் சாஞ்சி சாஞ்சி."

அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார்.

அக்டோபர் 27

கோபால் சார் போன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. சுற்றி வளைத்து நலம் விசாரித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"மேல ஆபீஸ்ல புது ஜாக்கெட் வாங்கச் சொல்லிட்டாங்கம்மா. குளிர்ல கம்பளிக்கு மேல போட்ற மாதிரி. கடைல இருக்கறது எதுவும் சரியா வர்ல. உங்கண்ணன் தெச்சித் தருவாரா?"

"தருவாரு சார். ஆனா அளவு வேணும்."

"M, L தான?"

"இல்ல சார். ஆள் ஆளா எடுக்கணும். நானே வர்றேன்."

அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் டேப்பை எடுத்து என் பையில் போட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்றே மேலே வந்து தங்கிவிட்டேன். எல்லோரையும் காலை ஆறு மணிக்குச் சைட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த வருடம் பனி சீக்கிரமே வந்துவிட்டது.

ஒரே சிரிப்பு. "மேடம், கம்பளியக் கழட்டிட்டு நிக்கறதா?" வேண்டாம், அப்படியே நில்லுங்கள் என்றேன். "போன தடவ கழட்டச் சொல்லி கத்துனீங்களே!" ஆமாம், கத்தினேன். தப்புதான் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஒவ்வொருவரையும் கையைத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி, கொடி பிடிக்கிற மாதிரி நிற்கச் சொல்லி எடுத்தேன்.

கடைசியாகச் சின்னக்குழந்தை. இடது காலைச் சாய்த்து வைத்துத்தான் நடக்கிறார். போன மாதத்திலிருந்து மறுபடி அதே வளைவு, அதே கொடி. உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்களாம். அதில் உட்காருவதில்லையாம், உட்கார்ந்துகொண்டு கொடி காட்டினால் வண்டிக்காரன் மதிக்க மாட்டானாம்.

கேட்டேன். ஒரு வருடம் முன்னாடியே கேட்டிருக்க வேண்டியது.

"உள்ள இன்னா இன்னா போட்டுக்கினு இருக்கீங்க?"

விரல் மடக்கிச் சொன்னார். "ரவிக்கை, பொடவ. அதும்மேல எம் மருமவன் சட்ட. ஸ்வெட்டரு. கம்பளி." கொஞ்சம் தயங்கினார். பிறகு கம்பளியை விலக்கி, ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றிக் காட்டினார்.

ஆரஞ்சு கொஞ்சம் வெளுத்திருந்தது. கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் கருப்பு நூலில் நெருக்கமாக, நேராக, பூவிழியின் தையல்.

"திருப்பிக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். நீ போய்ட்டன்னாங்க. சரி, நெஞ்சுக்கு கதகதப்பா கீதுன்னு போட்டுக்கினேன். புதுசு வந்ததும் இதக் குடுத்துடணுமாம்மா?"

வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் பொத்தானைப் போட்டு, கம்பளியைச் சரியாகப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி நின்றார். அதையும் சேர்த்தே டேப்பைச் சுற்றினேன்.

சின்னக்குழந்தை. மார்பு: நாற்பத்தெட்டு.