உயிரோடு இருப்பவருக்கு ஊதுபத்தி

டோயாமா,
1983 மே 13, வெள்ளி

குஷிரோ விடுதியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, சுமியே எழுதுவது.

பருவத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே செர்ரிப்பூ கொட்டி முடிந்தது. மலையில் இன்னும் பனி இருக்கிறது. பருவம் அவ்வளவுதான். இனி விஷயம்: உங்கள் மூத்த மகள் சிகுசா உங்களைக் கொன்றுவிட்டாள்.

பதறாதீர்கள். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் விடுதிக்கே ஒரு போன்தான், அதுவும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில். நீங்கள் பேசுவதை இருபது ஆண்பிள்ளைகள் சோறு தின்றுகொண்டே கேட்பார்கள். அதனால் கடிதம். உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீட்டு நிலவரம். எல்லோரும் சுகம். சின்னவள் மியோவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் நன்றாக ஒட்டிக்கொண்டாள், வீட்டுக்கு வந்தால் இந்த ஊர்ப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசுகிறாள். பெட்டிகளில் பதினொன்று இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. அதில் நாலு உங்களுடையவை, நான் தொடப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய நண்டு வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை சிகுசாவின் வகுப்பாசிரியர் நோஜிரி வீட்டுக்கு வந்தார். மே மாதம் ஆசிரியர் வீடு வீடாக வருவது எந்த ஊரில்தான் இல்லை? கால் மணி நேரம் இருப்பார், தேநீரைக் கொஞ்சம் உறிஞ்சுவார், பலகாரத்தைத் தொட மாட்டார், கிளம்புவார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு புதுத் தட்டை எடுத்து வைத்திருந்தேன். அவரோ உள்ளே வந்ததும் தேநீரைப் பார்க்கவில்லை, வீட்டுப் பூஜை மாடத்தைப் பார்த்தார். "மொதல்ல அவருக்கு ஒரு ஊதுபத்தி ஏத்திக்கட்டுமாங்க?" என்று கேட்டார். பக்திமான் போலிருக்கிறது, வயது இருபத்தாறுதான் இருக்கும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று நான் வியந்துபோனேன்.

மாடத்தில் இருப்பது உங்கள் அப்பா படம். போரில் இறந்தபோது அவருக்கு முப்பத்தொன்று. கோட்டு, டை, அப்படியே உங்கள் மூக்கு, உங்கள் காது. நோஜிரி ஊதுபத்தி ஏற்றி, மணியைத் தட்டி, வெகுநேரம் கைகூப்பி இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிப் பாயில் நெற்றி படக் குனிந்தார். "புது ஊருக்கு வந்த கையோட இப்படி ஆயிடுச்சே. எப்படித்தான் தாங்குனீங்களோ. சிகுசா வந்து சொன்னப்ப எனக்கே பேச்சு வரலைங்க" என்றார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நிமிஷமே, ஐயோ சார், அது என் மாமனார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏற்றிய ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை. கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனின் முகத்தில் அடித்ததுபோல் எப்படிச் சொல்வது? நானும் பாயில் கையை ஊன்றிக் குனிந்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றேன். இது நான் செய்த காரியம். திட்டுவதென்றால் என்னையும் சேர்த்தே திட்டுங்கள்.

மறுநாள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாளுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெற்றோர் சங்கத்து வேலைக்குச் சீட்டுக் குலுக்கும்போது என் பெயரை மட்டும் விலக்கி வைத்துவிட்டார்கள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான், மறைப்பானேன். எதிர்வீட்டு இசோபே அம்மா அவித்த குட்டிக் கணவாய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். "மார்ச்ல குடிவந்தப்ப ரெண்டு பேருமா வந்து துவாலை குடுத்து அறிமுகம் பண்ணிக்கிட்டீங்களே. என்ன திடமா இருந்தாரு. காரியமெல்லாம் அவங்க ஊர்லயே முடிச்சிட்டீங்க போல" என்று கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நின்றேன்.

மியோ இன்னொரு கூத்து செய்திருக்கிறாள். அக்காக்காரி மத்தியான உணவில் வரும் புட்டிங்கைத் தினமும் தருவதாகச் சொல்லி அவள் வாயை அடைத்திருக்கிறாள். அது அடங்குகிற வாயா? வகுப்பில் எழுந்து, "எங்கப்பா செத்துட்டாரு, போன வாரம்தான் நண்டு அனுப்பினாரு" என்றாளாம். அவள் ஆசிரியை அதற்கும் அழுதாராம்.

சிகுசாவை உட்கார வைத்துக் கேட்டேன். நீங்கள் கிளம்பின மறுநாள், பள்ளியில் கொடுத்த குடும்ப விவர அட்டையை, அப்பா வேலை செய்யும் இடம் மாறிவிட்டது, திருத்திக் கொடு என்று அவளிடம் கொடுத்தனுப்பினேன் அல்லவா. அவள் வேலை இடத்தைத் திருத்தவில்லை. உங்கள் பெயரின் மேலேயே ரூலர் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறாள். ஆசிரியர் இது என்ன என்று கேட்க, இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். ஏனடி என்றேன். அழவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள்: "ஒகயாமால ரெண்டு வருஷமா, உங்கப்பா எங்க, எப்ப வருவாரு, ஏன் வரலன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. செத்துட்டாருன்னா ஒரு தடவைதான் கேப்பாங்க. அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

நீங்கள் இந்த ஊரில் இரண்டு வருஷம் தனியாகக் கிடந்தீர்கள். இனி நாலு பேரும் ஒரே வீட்டில் என்று சொல்லித்தான் அவளை ஒகயாமாவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். நீச்சல் குழுவை விட்டாள், மூன்றாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த தோழியை விட்டாள். வந்த இருபத்து நாலாம் நாள் உங்களுக்குக் குஷிரோவுக்கு மாற்றல். அங்கே இருந்தவர் நோயில் விழுந்தார், ஆள் வேண்டும், கம்பெனி சொன்னால் போகாமல் முடியாது. எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது இருபத்து நாலு நாள் மட்டும்தான்.

29ஆம் தேதி ஞாயிறு பள்ளி விளையாட்டு விழா. முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் நான் என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். கம்பளி உள்சட்டை நீங்கள் கொண்டுபோன சாமானில் கீழ்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன், அங்கே இன்னும் குளிராக இருக்கும்.

உங்கள்
சுமியே


டோயாமா,
1983 மே 21, சனி

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் பதில் வந்தது. ஒரே பக்கம். பிள்ளையைக் கண்டித்து வை, ஆசிரியரிடம் உண்மையைச் சொல், புது இயந்திரம் ஓட்டிப் பார்க்கும் நேரம், நகர முடியாது, ஆகஸ்டில் ஓபோனுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஓபோன் என்று எழுதும்போது கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? செத்தவர்கள் வீட்டுக்கு வரும் பண்டிகை அது. சிகுசா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அப்ப நான் சொன்னது சரிதான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடி வியாழக்கிழமை பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நோஜிரி முகம் வெளுத்துவிட்டது. என் மேல் கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். "உசுரோட இருக்கிறவருக்கு ஊதுபத்தி ஏத்திட்டேனே. அவருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்ததை வாசலில் நின்று பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பெற்றோர் சங்கத்து வேலை என் தலைக்கே திரும்பி வந்துவிட்டது, மாதாந்திரச் செய்தித்தாள் போடும் வேலை. இசோபே அம்மாவிடமும் சொன்னேன். கிண்ணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி காயப்போடுகிறார்.

நான் பட்டது இருக்கட்டும். சிகுசாவின் பாடுதான் கஷ்டம். பொய் சொன்னதற்குக் கண்டித்தேன், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். வகுப்பில் எப்படிச் சொல்லலாம் என்று ஆசிரியர் அவளையே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நானே சொல்லிடட்டுமா என்றாராம். வேண்டாம் என்றாளாம். "நீங்க சொன்னாலும் நான் சொன்னாலும் யாரு சார் நம்புவா? ஒரு தடவ செத்துட்டாருன்னு சொல்லியாச்சு. இப்ப இருக்காருன்னா, அதுவும் பொய்யின்னுதான் சொல்லுவாங்க. 29ஆம் தேதி அப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டிச் சொல்றேன். அவரு வரலைன்னா நான் சொல்லவே மாட்டேன்" என்றிருக்கிறாள். ஆசிரியர் அந்தத் தேதிவரை பொறுப்பதாக ஒத்துக்கொண்டுவிட்டார். முடியாது என்று எழுதிய நீங்கள் மனம் மாறி வருவீர்களா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் வகுப்பில் யார் காதிலோ அரைகுறையாக விழுந்துவிட்டது. இரண்டு பெண்கள் அவளோடு நடந்து வருவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் மியோவின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருப் பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்குப் போகும் வரிசையின் கடைசியில் போகிறாள். நான் கதவருகில் நின்று பார்க்கிறேன், வேறு என்ன செய்ய.

விழாவில் பெற்றோரும் பிள்ளையும் காலைச் சேர்த்துக் கட்டி ஓடும் பந்தயம் இருக்கிறது. பெயர் கொடுக்கும் தாள் நேற்று வந்தது. நான் கேட்காமலே சிகுசா அதில் எழுதினாள். பெற்றோர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் போட்டிருப்பாள் என்று பார்த்தேன். தமோட்சு என்று உங்கள் பெயர் இருந்தது. வரலைன்னா என்னடி பண்ணுவே என்று கேட்டேன். "தனியா நிப்பேன்" என்றாள்.

வழி விசாரித்து வைத்திருக்கிறேன். வெள்ளி மத்தியானம் அங்கே ரயில் ஏறினால், ஹகோதாதேயில் கப்பல் பிடித்து, சனி இருட்டுவதற்குள் இங்கே வந்துவிடலாம். ஞாயிறு மத்தியானம் சோற்று உருண்டை தின்றுவிட்டுத் திரும்பினாலும் போதும். உங்கள் மேலாளரிடம் என்ன காரணம் சொல்வது என்று தயங்காதீர்கள், நான் செத்துவிட்டேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள், போய் இல்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஊர் ஊராக அவரும் போயிருப்பார்.

நீங்கள் வந்தால் மைதானத்தில் எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். நோஜிரி ஓடிவந்து குனிவார். பொறுத்துக்கொள்ளுங்கள், அவளுக்காக. எனக்காகவும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் கடிதத்தில் அதை எழுதாமலே இருந்துவிட்டேன்.

செத்ததாகப் பேச்சு கிளம்பினால் ஆயுசு கெட்டி என்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஆயுசு கூடியிருக்கிறது. கூடிய ஆயுசில் இரண்டு நாளை எங்களுக்குக் கொடுங்கள்.

வழி பார்த்திருக்கும்
சுமியே