முப்பத்தேழு டிகிரி

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழன் மாலை.

மரியாதைக்குரிய லோகன் அண்ணனுக்கு,

ஷாமினி எழுதுகிறேன். ஜோகூரில் புது வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? என் அழைப்புகளை நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காததில் தவறும் இல்லை. கிள்ளானில் உங்கள் வீட்டுக்குப் போய் மலர் அக்காவிடம் கெஞ்சித்தான் இந்த முகவரியை வாங்கினேன்.

இரண்டு வருடம் அறுப்புக்கூடத்திலிருந்து பன்றிச் சினைப்பைகளை ஃபிளாஸ்க்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். அவற்றிலிருந்து முட்டை எடுத்து, கருவாக்கி, ஏழு நாள் தட்டில் வளர்ப்பது என் வேலை. எந்தச் சத்துநீரில், எப்படி வைத்தால் கரு நன்றாக வளரும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. மார்ச்சிலிருந்து எல்லாக் கருக்களும் நான்கு செல்லோடு நின்றுபோனது உங்களுக்கும் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் கறுத்த புள்ளிகள்தான்.

பன்றி முட்டை குளிர் தாங்காது. அதனால்தான் கூட்டத்தில் டாக்டர் கார்த்திகேசு, வழியில் ஆறிப்போயிருக்குமோ என்றதும் எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். "ஹைவே ஜாம்ல நின்னாலும் மூடியத் தொறந்ததே இல்ல டாக்டர். தங்கச்சியக் கேளுங்க" என்று நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணே, ஃபிளாஸ்க் வந்ததும் ஒவ்வொரு தடவையும் சூடு பார்த்து நோட்டில் எழுதியவள் நான். முப்பத்தேழு. முப்பத்தேழு. ஒருநாள் முப்பத்தாறரை. ஒருநாளும் ஆறிப்போய் வந்ததில்லை. அந்த நோட்டு அன்று என் மடியில்தான் இருந்தது. உங்கள் மேல் தப்பில்லை என்றால் அடுத்து என்னைத்தான் கேட்பார்கள் என்று பயந்துவிட்டேன். மறுவாரமே உங்களை நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் கொண்டுவந்ததும் அப்படியேதான் செத்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். சத்துநீர்த் துளி காயாமலிருக்க மேலே எண்ணெய் ஊற்றுவோம். அந்தப் புட்டியை ஜன்னலோரம் வைத்தது நான். வெயில் பட்டு எண்ணெய் கெட்டிருக்கிறது. புதுப் புட்டியை அலமாரிக்குள் வெளிச்சம் படாமல் வைத்து ஊற்றினேன். ஏழாம் நாள், ஐம்பதில் பதினாறு கருக்கள் உருண்டு திரண்டு நின்றன. டாக்டர் கைகொடுத்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதே உங்களைப் பற்றிச் சொன்னேன். "முடிஞ்சது முடிஞ்சது லா, ஷாமினி. ஏன் கிளறுற?" என்றார். என்னால் முடியவில்லை. நடந்ததை நிர்வாகத்துக்கு எழுதி, நோட்டுப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்களா தெரியாது. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிப்பார்களா என்பதும் தெரியாது. டாக்டர் என்னோடு பேசி மூன்று நாளாகிறது.

மலர் அக்கா என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். "அப்பா என்னா தப்பு செஞ்சாருன்னு தர்ஷினி கேட்டுக்கிட்டே இருக்கா. நான் என்னாத்த சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை.

நீங்கள் திரும்பி வரவேண்டாம், எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம். கோபத்தில் அந்த நகலை மட்டும் கிழித்துவிடாதீர்கள், அண்ணே. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது பிள்ளை கையில் கொடுங்கள். அவளே படித்துக்கொள்ளட்டும்.

தலைகுனிந்து,
ஷாமினி