பத்தரைக்கு வந்த அழைப்பு

லண்டன் ஹவுன்ஸ்லோவில், ஒரு மருந்துக்கடையில் ஒரு பெண் கோல்ட் கிரீம் டப்பாவைத் திறந்து மணந்து பார்த்தாள். அந்த மணம் என் மூக்கில் ஏறியதும், வாங்கப் போனதை மறந்து வெளியே வந்துவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது, மேடம். இந்த மூக்குக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

கவுன்சில் என்னை உங்கள் ஈலிங் பிளாட்டுக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் காலை வேலைக்கு அனுப்பியபோது, தந்த தாளில் உங்கள் கணவர் வழிப் பெயர்தான் இருந்தது. நடிகை என்பதை நீங்கள்தான் சொன்னீர்கள். ஐம்பதுகளில் வெஸ்ட் எண்ட் மேடையில் மூன்று வருடம் ஓடிய ஒரு நாடகம், பிறகு ஒன்பது படங்கள். "ஆறில் கதவு திறந்தேன், இரண்டில் செத்தேன், ஒன்றில் மட்டும் பேச விட்டார்கள்" என்பீர்கள். நாற்பது வயதோடு எல்லாம் நின்றுபோனதாம். எந்தப் பெயரில் நடித்தீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கண் மங்கிய பிறகும், விரலின் பழக்கத்தில் கோல்ட் கிரீமும் பவுடரும் உதட்டுச்சாயமும் பூசி, நடிக்கக் கூப்பிடுவார்களென்று பத்து மணிக்குள் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். "பத்துக்கு முன் எந்த ஏஜெண்டும் எழும்பமாட்டான்." நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் பஸ் பிந்தியது. பத்தரைக்கும் நீங்கள் குளியலறையில் இருந்தீர்கள். தொலைபேசி அடித்தது. ஓர் ஆண் குரல், நான் கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்லி, அவர் அங்கேதான் இருக்கிறாரா என்று விசாரித்தது. சண்டைக் காலத்தில் ஊரில் அண்ணையைப் பிடித்துப்போக, அவர் பெயரைச் சொல்லி வாசலில் வந்து கேட்டவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. அதையே சொன்னேன்.

"அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை."

யார் என்று உள்ளேயிருந்து கேட்டீர்கள். ரோங் நம்பர் என்றேன்.

மார்கழியில் உங்கள் பழைய தோழியின் கிறிஸ்மஸ் அட்டை வந்தது. உறையில், தொலைபேசியில் கேட்ட அதே பெயர். உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டுவது நான்தானே. நலம் விசாரித்த பிறகு ஒரு வரி: 'ஒரு படத்தில் தாய் வேடத்துக்கு நீதான் வேண்டுமென்று தேடினார்களே, அகப்படவில்லையா? வேறு யாரையோ போட்டுவிட்டார்கள்.'

அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றீர்கள்.

"அவ்வளவுதான்."

வீட்டுக்குப் போய் அழுதேன். "விசரே, சொல்லிப்போட்டு வேலையையும் இழக்கப்போறியே? இனி என்ன செய்ய ஏலும்?" என்று என் கணவர் ஏசினார். வேலைக்குப் பயந்துதான் வாயை மூடினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது பொய். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. நான் கோழை.

மாசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், உதட்டுச்சாயம் கேட்டு வாங்கிப் பூசினீர்கள். இந்தமுறை விரல் தப்பிக் கோணலாகிவிட்டது. நான்தான் துடைத்துச் சரிசெய்தேன்.

"யாராவது கூப்பிட்டார்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றேன்.

"மறந்துவிட்டார்கள், என்ன?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மறுநாள் நான் வந்தபோது கட்டிலில் வேறொருவர் இருந்தார்.

இப்போது வேறு வீடுகளுக்குப் போகிறேன். தொலைபேசி அடித்தால் கை கூசுகிறது. அன்று பத்தரைக்கு அழைத்த அந்த மனிதர் கோபிக்கவில்லை. தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். அந்தக் குரல் அப்படியே என்னிடம் இருக்கிறது. அது உங்களுக்கு வந்தது. இனி யாரிடம் கொடுப்பேன்?

கூப்பிட்டார்கள், மேடம். உங்களைத்தான் கேட்டார்கள்.