தேருக்காக நிறுத்திய சங்கு

கம்போங் ராஜா மேல் தோட்டம்,
சனிக்கிழமை.

அன்பு மகன் குகனேஸ்வரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நலமா என்று நீ கேட்கவும் வேண்டாம், நலம் என்று நான் பொய் எழுதவும் வேண்டாம். அப்பா போய் இன்றோடு பதினோரு நாள். மழை இன்னும் விடவில்லை. நீதான் போனை எடுப்பதில்லை, அதனால் பேப்பரை எடுத்தேன். கோலா தெர்லா நல்லுசாமி அண்ணன் நாளைக்கு லோரியில் கோஸ் ஏற்றிக்கொண்டு பினாங்கு வருகிறார். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உன்னோடு தங்கியிருக்கும் ஷர்வின் நேற்று பேசினான். நீ வேலைக்குப் போவதில்லையாம், சாப்பிடுவதில்லையாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வரமாட்டேன் என்கிறாயாம். அப்பாவக் கொன்ன கையால எப்படிடா பிண்டம் வைக்கிறது என்று அவனிடம் அழுதாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நீ நினைப்பது தப்பு. கடைசிவரை படி, பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

மேட்டில் நீ வைத்த சென்சார் பெட்டிதான் ஏமாற்றிவிட்டது என்று இங்கே ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள். எனக்குப் பதில் வாய்வரை வந்து நிற்கிறது. பெட்டி என்ன செய்யும்? மண் ஈரம், அதிர்வு, சாய்வு எல்லாம் அதற்குத் தெரியும், எதைப் பார்க்க வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்பதை மட்டும் பினாங்கில் இருந்தபடியே புரோகிராமில் மாற்றிவிடலாம் என்று நீதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். வெயில் காலத்தில் தேயிலை நாற்றுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று சொல்லும். மழைக் காலத்தில் மேடு சரிகிறதா என்று அதே பெட்டி காவல் காக்கும். போன வருஷம் இரண்டு தடவை அது அபாயச் சங்கு ஊதி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு ஓடினோமே. சட்டி ஒன்னுதான்லா, தெனம் வேற கொழம்பு வைக்கிறான் எம்மவன் என்று அப்பா லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ப் பெருமையடித்தார்.

திருவிழாவுக்கு உறுமி மேளம் ஒத்திகை பார்த்த அன்று சங்கு விடாமல் ஊதியது. மேள அதிர்வை மேடு அசைகிறது என்று எடுத்துக்கொண்டது. கோயில் தலைவர் அப்பாவிடம் வந்தார். சாமி வர்ற நேரத்துல சங்கு ஊதுனா நல்லாவா இருக்கும், தேர் முடியிறவரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லு செல்லையா என்றார். நீ மனசில்லாமல்தான் மாற்றினாய். எத்தனை நாளைக்கு என்று தேதி கேட்டாய். மழையால் தேர் ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது, தேதி எங்களுக்கே தெரியாது. தேர் நிலைக்கு வந்ததும் அம்மா சொல்லும், அப்புறம் பழையபடி ஆக்கிரு என்று அப்பாதான் சொன்னார். தேதி வைத்திருந்தால் தானாகவே திரும்பியிருக்கும் என்று நீ தலையில் அடித்துக்கொள்கிறாயாம். வேண்டாம் அய்யா.

நீ பால்குடம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தாய். முந்தின நாள், லீவு கிடைக்கவில்லை என்றாய். நானோ ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தேன். பினாங்குப் புள்ளைக்கு நம்ம சாமியெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று ஒருத்தி கோயில் வாசலில் வைத்துக் கேட்டுவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! இனி நானாகப் பேசமாட்டேன் என்று வீம்பு பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர் நிலைக்கு வந்தது. திங்கட்கிழமை நீ செய்தி அனுப்பினாய், தேர் முடிந்ததா, பெட்டியை மாற்றவா என்று. அதை நான் பார்க்கவில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? பார்த்தேன் குகன். திறந்தால் படித்ததாக உனக்கு நீலக் கோடு விழும் என்று, மேலே தெரிந்ததை மட்டும் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். நீ இரண்டு தடவை கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. கொஞ்சம் கெஞ்சட்டும் என்றுதான். அப்பா போன் நனைந்துபோய் டவுனில் ரிப்பேருக்குக் கிடந்தது. வீட்டில் இருந்தது என் போன் ஒன்றுதான்.

அப்பா தினமும் கேட்டார். புதன்கிழமை காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார், தம்பிக்குச் சொல்லிட்டியா அம்சா, மழை பேய் மாதிரி ஊத்துதே என்று. சொல்லியாச்சு, அவனும் மாத்தியாச்சு, சும்மா நச்சரிக்காதீங்க என்றேன். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவர் சரி என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் மேட்டிலிருந்து தண்ணீர் செம்மண்ணாக இறங்கியதைப் பக்கத்து வீட்டுக் குமுதா பார்த்திருக்கிறாள். கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் தராசை எடுத்து வைக்க உள்ளே திரும்பினார். ஒன்னும் ஆவாது, எம்மவன் மாத்திட்டான், ஏதாச்சும்னா சங்கு ஊதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். சங்கு ஊதவில்லை, மேடு சரிந்து கொட்டகையோடு அவரை மூடிவிட்டது. உன் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று குமுதா எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். உன் மேல் வைத்த நம்பிக்கையா அது? நான் சொன்ன பொய்யை நம்பிப் போனார் அய்யா.

கொள்ளி வைத்துவிட்டு வந்து நீ என் காலில் விழுந்தாய், மன்னிச்சிரும்மா என்று. நான் உன் தலையைத் தடவிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். சொன்னால் நீயும் என்னை விட்டுப் போய்விடுவாய் என்ற பயம். அந்தப் பயத்தில் என் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தேனே, பாவி.

இன்று காலையில் குமுதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போனாள். மத்தியானம் சோறு கொண்டுவந்து வைத்தாள், ஆனால் உட்காரவில்லை. ஊருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியட்டும். இனி யாரும் உன்னையும் பெட்டியையும் பேசக்கூடாது.

வியாழக்கிழமை காரியம். நல்லுசாமி அண்ணன் செவ்வாய்க்கிழமை திரும்புகிறார், லோரியில் உனக்கு இடம் கேட்டிருக்கிறேன். வா குகன். உன் கையில் ஒரு தப்பும் இல்லை, அந்தக் கையாலேயே அவருக்குச் செய். நீ செய்யாவிட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என்னைத் திட்டு, அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். என் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்றால் அதையும் ஷர்வினிடம் சொல்லி அனுப்பு. காரியத்தன்று விடிந்ததும் நான் டவுன் பஸ் நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீ காரியம் முடித்துக் கிளம்பிய பிறகு வீட்டுக்கு வருகிறேன்.

நீ நல்லா இருக்கணும் சாமி. முதலில் ஒரு வாய் சாப்பிடு.

அம்மா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் இனி உன் இஷ்டம்,
அம்சவல்லி