சிறிதரனின் படம்

2025 ஏப்ரல் 29, செவ்வாய்

முதியோர் இல்லத்துக் குசினியில் இன்று பூசணிச் சூப். சுனேத்ரா பக்கத்தில் நின்று வெட்டினா. போனில் அவ தாயோடு சிங்களம் கதைக்கும்போது என் கை இன்னமும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. போர் முடிந்து பதினாறு வருஷம். என் கை நிற்பது அவவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

வேலை முடிய ஒரு படத்தைத் தந்தா. அவவின் கணவர் சிறிதரன். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். நோயாளிகளை விட்டு வரமாட்டேன் என்று நின்று, கடைசியில் ஷெல் பட்டு இறந்தவர். உடல் கிடைக்கவில்லை. என் மகன் துஷாந்த் போனதும் அதே வாரம்தான். அவனுக்குப் பதினான்கு வயது.

மே பதினெட்டு, போரில் செத்தவர்களின் நினைவுநாளில் எங்கள் சங்கத்து மண்டபத்தில் இந்தப் படத்தையும் வைக்கலாமா, தானும் வந்து விளக்கேற்றலாமா என்று கேட்டா.

மே 6

படத்தைக் கௌரிசங்கரிடம் கொடுத்தேன். இந்த வெளிநாட்டு ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நாற்பது குடும்பம், தலைவர் அவர். படம் வைக்கலாம், ஆள் வரக்கூடாது என்றார்.

"சிங்களத்தி விளக்கேத்தினா சனம் எழும்பிப் போகும் அக்கா. நீங்களே பக்குவமாச் சொல்லிவிடுங்கோ."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன்?

மே 7

சுனேத்ராவிடம் சொல்லிவிட்டேன். "விளங்குது அக்கா. படத்தை வைச்சாப் போதும்" என்றா. பிறகு சட்டிகளைக் கழுவினா.

மே 18, ஞாயிறு

படங்கள் நான்கு வரிசை. இரண்டு தரம் தேடினேன். சிறிதரன் இல்லை. கௌரிசங்கரைக் கேட்டேன். இடம் போதவில்லையாம், படம் தன் வீட்டு மேசை லாச்சிக்குள் இருக்கிறதாம். துஷாந்தின் பக்கத்தில் ஒரு முழ இடம் வெறுமையாகக் கிடந்தது.

மகனுக்கு ஏற்றினேன். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன்.

மே 19

"அவருக்கு ஆர் அக்கா விளக்கேத்தினது?" என்று சுனேத்ரா கேட்டா.

"நான்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றா.

மே 23

ஒவ்வொரு நாளும் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாறா. நானும் இருந்து தின்னுறன் — என்ன மனிசி நான்?

மே 25

கௌரிசங்கர் வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திருப்பி வாங்கினேன். துஷாந்தின் படத்தையும் தரச் சொன்னேன்.

"ஏன் அக்கா, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை" என்றேன். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவர முன்னம் வெளிக்கிட்டுவிட்டேன்.

மே 26

சுனேத்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும். படத்தை ஏப்ரனில் துடைத்துப் பைக்குள் வைத்தா.

"அவர் தமிழன் அக்கா. அதாலதான் செத்தவர்."

பிறகு காய் வெட்டப் போனா. ஏசியிருக்கலாம்.

ஜூன் 3

அவ தன் வேலை நாட்களை மாற்றிக்கொண்டா. இனி வியாழனும் வெள்ளியும். எனக்கு அந்த நாட்கள் இல்லை.

ஜூன் 15

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை. எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஒருவருக்குச் சுகமில்லை என்று என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். சுனேத்ரா நின்றா. நாள் முழுக்க ஆளுக்கொரு பக்கம் நின்று உருளைக்கிழங்கு சீவினோம். தாயிடமிருந்து போன் வந்தபோது வழக்கம்போல அங்கேயே நின்று கதைத்தா. நான் சீவிக்கொண்டிருந்தேன்.

வெளியே மழை. பஸ் தரிப்பில் நின்றேன். சுனேத்ராவின் கார் வந்து நின்றது.

"ஏறுங்கோ அக்கா."

வழியெல்லாம் வைப்பர் சத்தம் மட்டும்தான். வீட்டு வாசலில் நிறுத்தினா, எஞ்சினை நிற்பாட்டவில்லை. உள்ளே வரச் சொன்னேன்.

"இன்னொரு நாளைக்கு" என்றா.

நான் கதவைத் திறந்து லைட்டைப் போடும்வரை கார் அங்கேயே நின்றது.