அப்பா கடைசியாகக் கேட்ட ஐரிஷ் ஸ்டூ

ஹில்ஸ்பரோ, ஒக்லண்ட்
ஓகஸ்ட் 14

அன்பு மகன் கௌசிகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அயர்லாந்தில், கோர்க்கில் நீயும் ஓர்லாவும் குஞ்சு பிரணவியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையைக் கையில் எடுத்தேன். என் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பிரஷர் கொஞ்சம் கூட என்று டொக்டர் குளிசையை மாற்றித் தந்திருக்கிறார். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. நீ லீவு முடிந்து போய்விட்டதால் சித்தப்பாவின் மகன் ஆரணன்தான் செய்தான், ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல அவனுக்கு நாக்குப் புரளவில்லை, ஆனாலும் மனதாரச் செய்தான். அப்பா படுத்திருந்த கட்டிலை ஹொஸ்பிஸ்காரர் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹோலில் கார்பெட் நாலு இடத்தில் பதிந்து கிடக்கிறது, வக்கியூம் பிடித்தும் எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைக்கிறோம்தானே, பிறகேன் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்லத்தான் மூன்று தரம் வெளிக்கிட்டேன், பிரணவி வந்து முகத்தைக் காட்டியதும் அவளோடு கொஞ்சிக் கதைத்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அப்பாவுக்கு விருப்பமான கணவாய்க் கறியும் முருங்கைக்காயும் எல்லாம் இலையில் வைத்துப் படைத்தோமே, அப்போது குசினி வாசலில் நின்று நீ கேட்டாய், அப்பா கடைசி நாளுகளில வேறை ஏதும் விரும்பிக் கேட்டவரோ அம்மா, எங்களைப் பற்றி ஏதும் சொன்னவரோ என்று. நான் இல்லையென்று தலையாட்டினேன். அது பொய் மகன். அதற்குப் பிறகும் நீ இங்கே நான்கு நாள் நின்றாய், உன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பழையதிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாக வாசி.

எட்டு வருடத்துக்கு முன், உங்கள் கலியாணத்துக்கு முதல், ஓர்லா ஒரு ஜூலை மாதக் குளிரில் இங்கே வந்து பத்து நாள் நின்றாள். வெறுங்கையோடு வராமல் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் பிறந்தநாளன்று காலையிலேயே அதற்குள் இறைச்சியும் கிழங்கும் அடுக்கி, தன் தாய் வைக்கிற மாதிரி என்று சொல்லி ஐரிஷ் ஸ்டூ வைத்தாள். அப்பா இரண்டு கோப்பை சாப்பிட்டார். நான் கரண்டியாலும் தொடவில்லை. அவள் பிளேன் ஏறின மறுநாளே அந்தக் குக்கரைப் பெட்டியில் போட்டுக் கராஜில் வைத்தேன். கலியாணத்துக்கு அப்பா வரவே இருந்தார், புதுக் கோட்டும் தைப்பித்து வைத்திருந்தார். நீங்கள் போறதெண்டால் திரும்பி இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னவள் நான். அடுத்த நாள் உனக்குப் போன் எடுத்து, எனக்கு இதில விருப்பமில்லை, நாங்கள் வரேல்லை என்று அவர் சொன்னார். குரல் அவருடையது, சொல் என்னுடையது. தாயில் உனக்கு வெறுப்பு வரக்கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஓர்லா அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவளில் பிழை சொல்ல இடமில்லை.

இனி இந்த ஜூன் மாதத்துக்கு வருகிறேன். இரைப்பையில் இருந்த கட்டி மேலே ஏறி, சோறு இறங்காமல் போய், கஞ்சியும் சூப்பும்தான் என்று ஆகிவிட்டது. ஹொஸ்பிஸில் இருந்து சிந்து என்று ஒரு நேர்ஸ் வருவாள், மதுரைப் பிள்ளை, கை மிகவும் இதமான பிள்ளை. அவள் ஒரு நாள் அப்பாவிடம், அங்கிள், என்ன சாப்பிடணும்னு தோணுதோ கேளுங்க, இனிமே பத்தியம் எல்லாம் வேணாம் என்றாள். அவள் போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, நாயகி, அந்தப் பிள்ளை செய்த ஸ்டூ வேணும் என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

கராஜுக்குள் போய்க் குக்கரை எடுத்துவந்து கழுவினேன். இறைச்சி என்றால் என் கை தன்பாட்டில் கறித்தூள் டப்பாவுக்குத்தான் போகும், அரைக் கரண்டி போட்டுவிட்டேன். வாயெல்லாம் புண்ணாக இருந்த மனிதர், ஒரு வாய் வைத்ததும் கண்ணால் தண்ணீர் ஓடியது. அடுத்த நாள் தூள் இல்லாமல் வைத்தேன், அது கழுநீர் மாதிரி வந்தது. அப்பா கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு, இது அதில்லை நாயகி, ஓர்லாவைக் கேளும், கேட்டால் சொல்லுவாள் என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, அவளோடை நானும் ஒருக்காக் கதைக்கவேணும் என்றார்.

உன்னிடம் எப்போதோ வாங்கின ஓர்லாவின் நம்பர் என் போனில் இருந்தது. குசினிக்குள் போய் நின்றேன். எட்டு வருடம் கதைக்காதவளிடம் ஒரு கறிக்குப் பக்குவம் கேட்பதா என்று ஒரு யோசனை. எடுத்தால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வருமே என்று ஒரு பயம், அதுதான் பெரிது. எடுக்கவில்லை. திரும்பி வந்து, அடிச்சுப் பாத்தன், அவள் எடுக்கேல்லை என்று சொன்னேன். வேலையில நிக்கிறாளாக்கும், பிறகு எடுப்பாள் என்று சொல்லிவிட்டு, போனைத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. பார்மசியில் இருந்து மெசேஜ் வந்தாலும் தலையைத் திருப்பிப் பார்த்தார். சிந்துகூடக் கவனித்துவிட்டு, ஆன்ட்டி, அங்கிள் யாரோட போனுக்கோ காத்துட்டு இருக்காரு, யாருன்னு சொல்லுங்க, நானே பேசுறேன் என்றாள். ஒருத்தருமில்லைப் பிள்ளை, மருந்து மயக்கம் என்றேன்.

மூன்றாம் நாள் மனம் கேட்காமல் சிந்துவிடமே ஸ்டூ வைக்கிற விதத்தைத் தேடித் தரச் சொன்னேன். அவள் தன் போனில் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தாளில் எழுதினேன். ஆட்டின் கழுத்துத் துண்டு எலும்போடு வேண்டும், இங்கே விளைகிற புக்கெகோஹி உருளைக்கிழங்கில் பாதியை மெல்லிசாகச் சீவி அடியில் பரப்பினால் அது கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், மற்றப் பாதியைப் பெரிதாக வெட்டி மேலே வைக்கவேண்டும், வெங்காயம், கரட், ஒரு பிடி பார்லி, உப்பு, மிளகு, தைம் இலை, துண்டு மூடும் மட்டும் தண்ணீர். நான் விட்ட பிழை மூடியைத் திறந்து திறந்து பார்த்ததாம். மெல்லிய சூட்டில் எட்டு மணித்தியாலம் தொடவே கூடாதாம். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மூடினேன். மத்தியானத்துக்குப் பிறகு வீடு முழுக்க அந்த மணம் வந்துவிட்டது. அப்பா கண்ணைத் திறக்காமலே, இதுதான், இதுதான் என்றார்.

மூன்று மணிக்குக் கோப்பையில் எடுத்துக்கொண்டு போனபோது அவரால் விழுங்க முடியவில்லை. சிந்து தந்த பஞ்சுக் குச்சியைக் குழம்பில் தோய்த்து உதட்டிலும் நாக்கிலும் வைத்தேன். நாலு தரம் வைத்திருப்பேன். அதை அவர் சப்பினார். பிறகு, ஓர்லா எடுத்தவளோ என்றார். நான் ஓம் என்றேன். என்ன சொன்னவள் என்றார். பக்குவம் சொன்னவள், உங்களை நல்லாய் விசாரிச்சவள் என்றேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு என்னில கோபம் இல்லையோ என்று கேட்டார். இல்லையாம், அதெல்லாம் எப்பவோ மறந்திட்டாளாம் என்றேன். சரி, அப்ப சரி என்றார். அதுதான் அவர் கதைத்த கடைசிக் கதை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நான் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். நீ அப்போது சிங்கப்பூரில் பிளேன் மாறிக்கொண்டிருந்தாய்.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு முகமில்லை மகன், நான் கேட்கவுமில்லை. உனக்குக் கோபம் வந்தால் போன் எடுக்காதே, எத்தனை ஞாயிறு என்றாலும் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஒன்று செய். அங்கே குளிர்காலம் வரமுதல் பிரணவிக்குக் காய்ச்சல் ஊசி போட மறக்காதே, நீயும் வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. பிறகு ஆறுதலாக ஒரு நாள் ஓர்லாவை இருத்தி இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் சொல்லு. என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு வரியையும் விடவேண்டாம், அந்த வேலையை அப்பா எட்டு வருடம் செய்தது போதும். ஒரு மனிதர் நிம்மதியாகக் கண்ணை மூடவேண்டும் என்று அவளுடைய வாயால் ஒரு மன்னிப்பை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன், அது அவளுடைய பொருள், எனக்கு உரிமையில்லாதது. உண்மையில் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டு எனக்கு எழுது. இல்லை என்றாலும் இல்லை என்றே எழுது.

பிள்ளையும் குடும்பமுமாக நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் வாழ என் ஆசி.

உன் அம்மா,
செல்வநாயகி மகேசன்