நுனியில் குழி உள்ளவை

மார்ச் 3, திங்கள்

நேற்று துப்பாக்கி கிளப்பில், முந்நூறு மீட்டரில் சுட்ட பத்துக்கு ஒன்பது நடுவட்டத்தில். அந்தப் பெருமையில் இன்று மருந்துக்கடையில் நாள் முழுக்க முதுகை நிமிர்த்தியபடியே நின்றேன். இருமல் மருந்து வாங்க வந்தவர், "இடுப்பு வலியாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அணித் தேர்வுக்கு ஐந்து வாரம். மூன்று இடம். நாற்பத்தாறு வயதில் எனக்கு இந்த ஆசை வேறு.

மார்ச் 6, வியாழன்

கிளப் செயலாளர் போன் செய்தார். புது விதி. நுனியில் குழி உள்ள தோட்டாக்கள் இனிமேல் 'சிறப்பு வகை'. அனுமதி இல்லாதவர்கள் 31க்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும்.

உடம்புக்குள் போய் விரியும் தோட்டாவைத் தடுக்கத்தான் இந்த விதி. நல்லதுதான். ஆனால் நாங்கள் அட்டையில் சுடுகிற தோட்டாவின் நுனியிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குழி உண்டு. நேராகப் பறப்பதற்காக. அது விரியாது. விதியில் 'குழி' என்று மட்டும்தான் இருக்கிறது. எதற்கான குழி என்று இல்லை.

என் இரும்பு அலமாரியில் 212 இருக்கின்றன.

மார்ச் 7

ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள் நான். என்னைப் போய்!

மார்ச் 10, திங்கள்

கடைக்குத் தையல்கார அம்மா வந்தார். பத்து வருடமாகச் சும்மா கேட்டு வாங்கிப்போன வலி மாத்திரை, போன மாதம் டாக்டர் சீட்டு வேண்டிய வகைக்கு மாறிவிட்டது.

"மாத்திரையும் அதேதான், நானும் அதே ஆள்தானேம்மா?"

"விதி மாறிடுச்சும்மா, நான் என்ன பண்ண முடியும்" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டேன். இதையே எத்தனை பேரிடம், எவ்வளவு சுகமாகச் சொல்லியிருக்கிறேன். அவரை உட்காரவைத்து நானே டாக்டருக்குப் போன் செய்தேன். கருணை என்று எழுத ஆசை. கருணை இல்லை, கூச்சம்.

மார்ச் 14, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். எடுத்து வந்து கொடுங்கள் என்றார்கள். ஆனால் சிறப்பு வகையை வீட்டைவிட்டு வெளியே எடுக்கத் தனி அனுமதி வேண்டுமாம். அதற்கு மனு. மனுவுக்குப் பதில் எப்போது? தெரியாது.

ஆக, வைத்திருந்தாலும் தப்பு, கொண்டுபோனாலும் தப்பு. கிளப்பில் சுட்டுத் தீர்க்கலாம் என்றால் அங்கேயும் கொண்டுபோக வேண்டுமே.

கணவர் நிதானமாகக் கேட்டார். "அப்ப தோட்டா தானா நடந்து வரணும்கிறாங்களா?"

நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 22

மனு போட்டு ஒரு வாரம். பதில் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்னும் வரல. மூணே நாள். எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சவளுக்கு இந்தக் கதியா? - ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் போன் போட்டு அழாத குறையாப் பேசிட்டேன். அவங்க பொறுமையாக் கேட்டுட்டு, ஞாயித்துக்கிழமை தானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கறதாச் சொன்னாங்க.

இவ்வளவுதானா? இரண்டு வாரம் முன்பே கேட்டிருக்கலாம்.

மார்ச் 30, ஞாயிறு

ஜீப் வாசலில் நின்றது. மாடி வீட்டம்மா காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா மேஜையில் பரப்பி எண்ணினார். 211.

மறுபடி எண்ணினார். 211.

அலமாரியைக் கவிழ்த்தோம். கணவர் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினார். முக்கால் மணி நேரம் கழித்து, அறைக் கதவில் மாட்டியிருந்த என் போட்டி ஜாக்கெட்டின் கிழிந்த பைக்குள், துணிக்கும் துணிக்கும் நடுவில் அகப்பட்டது. பூட்டில்லாத கதவு. எத்தனை நாளாக அங்கே தொங்கியதோ.

பூட்டுக்கு வெளியே தோட்டா இருக்கக் கூடாது. இது புது விதி இல்லை. நான் உரிமம் வாங்கிய நாளிலிருந்தே இருக்கிற விதி.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அலமாரியிலேயே இருந்துச்சுன்னு எழுதிக்கட்டுமா மேடம்?"

கணவர் வேகமாகத் தலையாட்டினார். தையல்கார அம்மாவிடம் விதி பேசிய அதே வாய் என்னுடையது. "இருந்த இடத்தையே எழுதுங்க" என்றேன்.

சொன்ன அடுத்த நொடியே வருந்தினேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 2

உரிமம் மூன்று மாதம் நிறுத்திவைப்பு. கணவர் என்னைத் திட்டவில்லை. ஜாக்கெட் பையைத் தைத்துக் கொடுத்தார், கோணலாக.

ஏப்ரல் 6, ஞாயிறு

தேர்வு. புள்ளி எழுதும் மேஜையில் உட்கார்ந்தேன். பழகாத தோட்டாவில் எல்லோருக்கும் குண்டுகள் சிதறின. மூன்றாம் இடம் வந்தவரின் புள்ளி என் வழக்கத்தைவிடக் குறைவு. பெருந்தன்மையாகக் கைகுலுக்கினேன். கொஞ்சம் அழுத்தித்தான்.

ஜூலை 17, வியாழன்

விதியைத் திருத்த அதிகாரிகள் கூட்டிய கூட்டம். கிளப் சார்பில் யார் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னது இன்ஸ்பெக்டர் அம்மாவாம். அவரும் வந்திருந்தார். நாலு மாதக் கோபத்தையும் சேர்த்து இருபது நிமிடம் பேசினேன். தண்ணீர் குடித்துவிட்டு மேலும் பத்து.

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எது நம்ம குழி, எது ஆபத்தான குழி - யாரும் ஏமாத்த முடியாத மாதிரி ஒரே வரியில எழுதிக் குடுங்க மேடம்."

எழுதினேன். அடித்தேன். 'பொதுவாக' என்று மூன்று இடத்தில் போட்டு, மூன்றையும் அடித்தேன். அகலத்தை வைத்து எழுதினால் வேட்டைத் தோட்டா ஒன்று அனுமதிக்கு உள்ளே வந்துவிடுகிறது. ஆழத்தை வைத்து எழுதினால் என்னுடையதே வெளியே போய்விடுகிறது.

மாலை ஐந்து மணிக்கு அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம், கசக்கிய ஏழு தாள்களோடு. அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.